குருவிக் கணவாய்க்கு மேலே

பஸ்ஸில் மங்கம்மாள் ஏறிவிட்டால் கண்டக்டருக்கு அன்றைக்குத் தலைவலிதான். ஜவ்வாது மலையிலிருந்து செங்கம் இறங்குகிற வண்டி நடுவில் ஒரு டீக்கடையில் நிற்கும். எல்லாரும் இறங்குவார்கள். அவள் மட்டும் இறங்கமாட்டாள். ஜன்னல் வழியாக யார் யார் இறங்கினார்கள் என்று பார்த்துக்கொண்டே இருப்பாள். கிளம்புகிற விசில் ஊதினால் போதும், "தே, நில்லு! செவப்புச் சட்டைக்காரரு இன்னும் ஏறல" என்று வண்டியே அதிரச் சத்தம் போடுவாள். சிவப்புச் சட்டைக்காரர் எங்கேயோ புதருக்குப் பின்னால் ஒதுங்கியிருப்பார். வேட்டியைச் சரி பண்ணிக்கொண்டு ஓடி வருவார். பஸ் முழுக்கச் சிரிக்கும்.

"இன்னாமே, ஆளுங்களையெல்லாம் நீதான் மேய்க்கிறியா?" என்பான் கண்டக்டர்.

"மேய்க்கத் தெரியாதவன் கையில விசிலைக் குடுத்தா நான் வேற இன்னா பண்றது?"

சிரிக்கிறவர்களில் மலைக்காரர்களுக்கு விஷயம் தெரியும். அவள் புருஷன் காசி இப்படி ஒரு டீக்கடையில்தான் தொலைந்துபோனான்.

மகள் நதியா நாலாவது படித்துக்கொண்டிருந்த வருஷம் அது. சாமையை அறுத்துப் போட்டுவிட்டு, ஊர் ஆம்பளைகளோடு சேர்ந்து குடகுக்குக் காப்பிப்பழம் பறிக்கப் போனான். பொங்கலுக்கு எல்லாரும் திரும்பினார்கள், காசியைத் தவிர. வருகிற வழியில் மைசூரைத் தாண்டி எங்கேயோ பஸ் நின்றதாம். "ஒரு டீ அடிச்சிட்டு வர்றேன்" என்று இறங்கினானாம். மற்றவர்கள் தூக்கத்தில் இருந்தார்களாம். விடிந்து பார்த்தால் சீட்டில் பை மட்டும் இருந்ததாம். அந்தப் பையைத்தான் கொண்டுவந்து அவளிடம் கொடுத்தார்கள். மகளுக்கு வாங்கிய ஒரு ஸ்வெட்டரும் அவனுடைய பச்சைத் துண்டும் அதில் இருந்தன. டார்ச் லைட் இல்லை. அது எப்போதும் அவன் இடுப்பில் செருகியிருக்கும்.

கீழே போலீசு ஸ்டேஷனில் போய்ச் சொன்னாள். "எந்த ஊர்ல தொலைஞ்சாரோ அங்க போய்க் குடும்மா" என்றார்கள். பாஷை தெரிந்த ஒருத்தரைக் கூட்டிக்கொண்டு அந்தப் பக்கமும் போனாள். எந்த டீக்கடை என்று கேட்டார்கள். தெரியாது என்றாள். அதோடு சரி. ஆள் என்ன உயரம், என்ன நிறம், எந்தப் பக்கமாகப் போயிருப்பான் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்வதற்கு அவளிடம் நிறைய இருந்தது.

அப்புறம் அழுதுகொண்டே உட்கார்ந்திருக்க அவளுக்கு நேரம் இல்லை. மேட்டு நிலத்தில் சாமை விதைத்தாள். புளி உலுக்கினாள், கடுக்காய் பொறுக்கினாள், நூறு நாள் வேலைக்குப் போனாள். நதியாவை ஹாஸ்டலில் விட்டுப் படிக்க வைத்தாள். அந்த ஊரிலிருந்து பன்னிரண்டாவது தேறிய முதல் பொண்ணு நதியாதான். ரிசல்ட் வந்த அன்றைக்கு மங்கம்மாள் வீடு வீடாகப் போய், "எங்க வூட்டுக்காரரு இருந்திருந்தா" என்று ஆரம்பித்து, பாதியில் நிறுத்தி, "வந்தா சொல்லணும்" என்று திருத்திக்கொண்டாள். தாலியைக் கழற்றவில்லை. பொட்டை அழிக்கவில்லை. அதைப்பற்றி யாரும் அவளிடம் வாய் கொடுக்கவும் முடியாது. அவள் வாய் அப்படி.

ஊருக்கு மேற்கே மலைமுகடு ஓரிடத்தில் பள்ளமாக இறங்கி ஏறும். குருவிக் கணவாய் என்று பேர். கீழேயிருந்து நடந்து வருகிறவர்கள் அந்தப் பள்ளத்தில்தான் தலைகாட்டுவார்கள். சந்தைக்குப் போய்த் திரும்பும்போது காசி அங்கே நின்று வீட்டைப் பார்த்து டார்ச் அடிப்பான். மூன்று தடவை அணைத்து அணைத்துப் போடுவான். மங்கம்மாள் அதைப் பார்த்துவிட்டுத்தான் உலை வைப்பாள். அவன் இறங்கி வருவதற்கும் அவள் களியைக் கிண்டி இறக்குவதற்கும் சரியாக இருக்கும். ஆவி பறக்கிற களியைத் தவிர வேறு எதையும் அவன் சாப்பாடு என்றே ஒத்துக்கொள்ளமாட்டான். "ஆறின களிக்கு நான் எதுக்கு இந்த மலை ஏறி வரணும்? கீழேயே ஓட்டல்ல துன்னுட்டுப் படுத்துக்குவேன்" என்பான். அவன் போன பிறகும், பொழுது சாய்ந்தால் ஒரு தடவை கணவாயைப் பார்க்காமல் அவள் அடுப்புப் பற்ற வைத்ததில்லை.

இந்த வருஷம் நதியாவுக்குக் கல்யாணப் பேச்சு வந்தது. ஆம்பூர்ப் பக்கம் செருப்புக் கம்பெனியில் வேலை அவளுக்கு. சனிக்கிழமை ஊருக்கு வருவாள். அதே கம்பெனியில் வேலை செய்கிற சிவசங்கர், பக்கத்து மலை ஊர்ப் பையன். இரண்டு பேருக்கும் பிடித்திருந்தது. பையனின் அப்பா சின்னராசுவும் சம்மதித்தார். முட்டுக்கட்டை வேறு இடத்தில் வந்தது.

அந்த ஊர் வழக்கத்தில் மாப்பிள்ளை வீட்டார் பொண்ணுக்குப் பரியம் கொடுக்கவேண்டும். வெற்றிலை, வெல்லம், சாமையரிசி, கொஞ்சம் பணம் எல்லாம் வைத்த தட்டு. பொண்ணின் அப்பன் இரண்டு கையிலும் துண்டை விரித்து அதை வாங்கவேண்டும். அப்பன் செத்துப்போயிருந்தால் பங்காளி ஒருத்தர் வாங்கலாம். உயிரோடு இருக்கிறவனின் பங்கை வேறொருத்தன் கை நீட்டி வாங்கினால் அது அவனை உயிரோடு புதைத்த மாதிரி. யாரும் வாங்கமாட்டார்கள்.

ஊர்த் தலைவரான கவுண்டர் கோபால்சாமி பெரிய மனுஷர்களைக் கூட்டினார். மனுஷன் நல்லவர்தான், கொஞ்சம் அவசரக்காரர்.

"மங்கம்மா, உன் வாயாலேயே சொல்லு. காசி கீறானா, இல்லையா? ரெண்டுல ஒண்ணு."

"எனக்கெப்படித் தெரியும், கவுண்டரே?"

"தெரியாதுன்னா பரியத்தை யாரு கையில குடுக்கிறது? அந்தப் புளியமரத்துக் கையிலயா?"

முடிவு செய்தார்கள். ஊரில் சாமை அறுப்பு தொடங்கியதும், அந்த வைக்கோல் தாளிலேயே ஓர் ஆள் கட்டி, காசி என்று பேர் சொல்லி அடக்கம் பண்ணிவிடுவது. அப்புறம் கல்யாணம். மங்கம்மாள் ஒன்றும் பேசவில்லை. அவள் பேசாமல் இருந்ததைப் பார்த்துத்தான் ஊருக்குப் பயமாக இருந்தது.

புரட்டாசியில் சாமை முற்றி நின்றது. காட்டுப்பன்றிக்குக் காவலாக அவள் நிலத்தில் பரண்மேல் உட்கார்ந்திருந்தாள். ஊரில் எல்லாரும் சாப்பிடுகிற நேரம். எதிரே குருவிக் கணவாயில் ஒரு வெளிச்சம் வந்து நின்றது. மஞ்சள் வெளிச்சம். பேட்டரி இறங்கின டார்ச் மாதிரி.

அவள் அசையவில்லை. அணையும், மறுபடி எரியும் என்று காத்திருந்தாள். அது அணையவில்லை. அப்படியே நின்றது. வருஷக்கணக்கில் அடிக்காதவனுக்குப் பழக்கம் விட்டுப்போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். பரணிலிருந்து இறங்கி, சாமைக்கதிரை மிதித்துக்கொண்டு வீட்டுக்கு ஓடி, இரண்டு பேருக்கு உலை வைத்தாள். கேழ்வரகு மாவைக் கொட்டிக் கிண்டினாள். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

களி ஆறியது.

காலையில் ஊரெல்லாம் போய்ச் சொன்னாள். "எங்காளு டார்ச் அடிச்சாரு. கணவாயில நின்னாரு. அடக்கமும் வேணாம் ஒண்ணும் வேணாம்." ஊர் அவளைப் பாவமாகப் பார்த்தது. "இன்னாமே, தூக்கமா, கனவா?" என்று ஒருத்தி கேட்டாள். ஆனால் அன்றைக்கு மத்தியானமே எல்லார் போனிலும் ஒரு வீடியோ வந்துவிட்டது. செங்கத்தில் மொட்டைமாடியில் நின்ற யாரோ எடுத்தது. ஜவ்வாது மலைக்கு மேலே ஒரு மஞ்சள் வெளிச்சம். மங்கம்மாளைக் கேலி பண்ணினவள் அதை இருபது பேருக்கு அனுப்பினாள்.

அடுத்த வாரம் பட்டாளம் வந்தது.

இரண்டு ஜீப். விமானப்படைக்காரர்கள். கீழே ஏதோ ராடாரிலும் அந்த வெளிச்சம் ஒரு புள்ளியாக விழுந்திருந்ததாம், அது என்னவென்று கண்டுபிடிக்க வந்தார்களாம். ஆபீசர் வடக்கத்திக்காரர், வயசு அதிகமில்லை. தமிழ் பேச சார்ஜென்ட் ரஞ்சித்குமார் கூட வந்திருந்தார். மலையடிவாரத்துப் படவேட்டுக்காரர், நம்ம பேச்சு. வெளிச்சத்தை நேரில் பார்த்தவர்கள் ஊரில் யார் என்று கேட்டார்கள். எல்லாரும் மங்கம்மாளைக் காட்டினார்கள்.

கோபால்சாமிக்கு அப்போது ஒரு யோசனை உதித்தது. எல்லார் முன்னாலும் அவளைக் கூப்பிட்டார்.

"நீயும் வேணாம், நானும் வேணாம். பட்டாளத்தாரே சொல்லட்டும். அது மனுஷன் அடிச்ச டார்ச்சுன்னு சொன்னா, அடக்கத்தை நிறுத்திடறேன். காசியைத் தேடி நானே மைசூருக்கு வர்றேன். இல்ல, வேற ஏதாச்சும்னு சொன்னா, வெள்ளிக்கிழமை அடக்கம். சரியா?"

"சரி" என்றாள் மங்கம்மாள். சட்டென்று சொல்லிவிட்டாள். அவளுக்கு அவ்வளவு நிச்சயமாக இருந்தது.

பரணுக்குக் கீழே சாக்கை விரித்து உட்கார வைத்துக் கேட்டார்கள். ஆபீசர் இந்தியில் கேட்பார், ரஞ்சித்குமார் தமிழில் கேட்பார்.

"இன்னா கலருக்கா?"

"மஞ்ச."

"எவ்ளோ பெரிசு? கையை நீட்டி விரலை வச்சுக் காட்டுங்க."

சுண்டுவிரல் நகத்தைக் காட்டினாள்.

"சத்தம் வந்துச்சா? எந்தப் பக்கத்துலேர்ந்து வந்துச்சு? எந்தப் பக்கம் போச்சு? அப்போ காத்து அடிச்சுதா? நாய் கொலைச்சுதா?"

ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல ஆபீசர் எழுதிக்கொண்டே போனார். விட்டதைத் திரும்பக் கேட்டார். மங்கம்மாள் அந்தப் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு வெளிச்சத்துக்கு இவ்ளோ கேக்குறீங்களே, தம்பி. மனுசன் தொலைஞ்சா கேக்கமாட்டீங்களா?"

ரஞ்சித்குமார் பேச்சை லேசாக்கப் பார்த்தார். "மேல தொலைஞ்சா நாங்க, கீழ தொலைஞ்சா போலீசு. அப்படிப் பிரிச்சுக்கினு கீறோம்கா." சொன்ன பிறகுதான் அவள் முகத்தைப் பார்த்தார். நாக்கைக் கடித்துக்கொண்டார்.

ஆபீசர் என்னவென்று கேட்டார். ரஞ்சித்குமார் நின்று நிதானமாகச் சொன்னார். ஆபீசர் பேனாவை மூடினார். அவளைப் பார்த்து ஏதோ கேட்டார்.

"சார் கேக்குறாரு. அவரு இன்னா உயரம்?"

மங்கம்மாள் எழுந்து நின்றாள். தன் தலைக்கு மேலே ஒரு சாண் காட்டினாள். "இவ்ளோ இருப்பாரு. கருப்பு. இடது புருவத்துல தேனீ கொட்டின தழும்பு. சிரிச்சா இந்தப் பக்கம் மட்டும் சிரிப்பாரு. டீயை ஆத்தி ஆத்திக் குடிப்பாரு தம்பி, அதான், அதுக்குள்ள பஸ்சு போயிருக்கும்." நிறுத்தாமல் பேசினாள். ஆபீசர் எழுதுகிறாரா என்று பார்க்கவில்லை. ஆனால் அவர் எழுந்து போகவில்லை.

அன்று சாயங்காலம் டிரோன் கொண்டுவந்தார்கள். அடியில் ஒரு மஞ்சள் விளக்கைக் கட்டி, கணவாய்ப் பக்கம் பறக்கவிட்டார்கள். அவள் பரண்மேல் அன்றைக்கு உட்கார்ந்த மாதிரியே உட்காரவேண்டும். எங்கே பார்த்தாளோ அங்கே விளக்கை நிறுத்தச் சொல்லவேண்டும். ரஞ்சித்குமார் பரண் காலைப் பிடித்துக்கொண்டு நின்றார். கோபால்சாமியும் பாதி ஊரும் பின்னால் நின்றார்கள்.

இருட்டியது. மலை கருப்பாகி, வானம் மட்டும் கொஞ்சம் வெளுத்திருந்தது. குருவிக் கணவாயின் பள்ளத்தில் ஒரு மஞ்சள் வெளிச்சம் வந்து நின்றது. சரியாக அங்கே. காசி நின்று டார்ச் அடிக்கிற அதே இடத்தில்.

 பொய்யென்று தெரிந்தும், யார் ஓட்டுகிறார்கள் என்று தெரிந்தும், அவள் கால் இறங்கி ஓடப் பார்த்தது.

"இங்கியாக்கா? மலைமேலேயே இருந்துச்சா? இல்ல, மலைக்கு மேல வானத்துலயா?" ரஞ்சித்குமார் கேட்டார். "நல்லா பாத்துச் சொல்லுங்க. இதுதான் முக்கியம். மலைமேலன்னா ஆளு யாராச்சும் இருந்திருக்கலாம்."

ஆமாம், அங்கேதான் என்று ஒரு வார்த்தை. சொன்னால் வெள்ளிக்கிழமை அடக்கம் கிடையாது. கோபால்சாமி வாக்கு மாறமாட்டார். யாருக்கும் நஷ்டமில்லை. அன்றைக்கு அந்த வெளிச்சத்தைக் கிட்டத்தில் இருந்து பார்த்தவள் அவள் ஒருத்திதான்.

மங்கம்மாள் அந்த வெளிச்சத்தைப் பார்த்தாள். அன்றைக்குப் பார்த்ததை நினைத்துப் பார்த்தாள். அன்றைக்குக் கணவாய்க்குப் பக்கத்தில் நிற்கிற ஒற்றை வேங்கைமரம் கண்ணில் பட்டது. வெளிச்சம் மரத்துக்குப் பின்னால் இல்லை. மரத்தின் உச்சி வெளிச்சத்துக்குக் கீழே இருந்தது. உலை வைக்க ஓடின அவசரத்தில் அவள் அதைக் கண்டுகொள்ளவே இல்லை.

"இன்னும் கொஞ்சம் மேல" என்றாள்.

வெளிச்சம் பள்ளத்தை விட்டு எழும்பியது.

"இன்னும்."

மரத்து உச்சிக்கு வந்தது.  கோபால்சாமி துண்டை எடுத்துத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டார்.

"இன்னும் மேல, தம்பி."

அவள் கை தானாக உயர்ந்துகொண்டே போனது. ஒரு மனுஷன் நிற்க முடியாத உயரத்தில், வெறும் வானத்தில், வெளிச்சம் போய் நின்றது.

"அங்கதான்" என்றாள். "ஆனா இது இல்ல. இது வெள்ளை கலந்த மஞ்ச. அது வேற." அப்புறம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சாமை கொட்டுது, ஏத்தினது போதும், இறக்கச் சொல்லு" என்றாள். டிரோனுக்கும் சாமைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ரஞ்சித்குமார் இறக்கச் சொன்னார்.

இன்னும் இரண்டு நாள் இருந்தார்கள். கணவாயைச் சுற்றி அலைந்தார்கள். விமானம் இல்லை, யாரும் விட்ட டிரோன் இல்லை, காட்டுத்தீ இல்லை. காவலூரில் பெரிய டெலஸ்கோப் வைத்து வானம் பார்க்கிறவர்களைக் கேட்டால் அன்றைக்கு அவர்கள் பக்கம் மேகமாம். வியாழக்கிழமை ஜீப்பில் சாமான் ஏற்றினார்கள். கோபால்சாமி போய் முன்னால் நின்றார்.

"அப்போ அது இன்னான்னு முடிவு பண்ணீங்க, சார்?"

"தெரியலைங்க" என்றார் ரஞ்சித்குமார்.

"தெரியலையா! இவ்ளோ மிசினு வச்சிக்கினா?"

"எல்லாத்தையும் பாத்துட்டோம். எதுவும் ஒத்துவரலை. தெரியலைன்னுதான் எழுதப்போறோம்."

"அப்படி எழுதினா மேலே இருக்கறவரு திட்டமாட்டாரா?"

"தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி எழுதினாத்தாங்க திட்டுவாங்க. பைலை மூடாம வச்சிருப்போம். என்னிக்காச்சும் ஒரு தகவல் வந்தா சேத்துக்குவோம்."

"அது வரைக்கும்?"

"அது வரைக்கும் இன்னா? பிளேன் எல்லாம் பறந்துகினுதான் இருக்கும். ஒரு பைல் மூடலைன்னா ஆகாசத்தையே மூட முடியுமா?"

மங்கம்மாள் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். ஜீப் கிளம்பும்போது ஆபீசர் அவளைப் பார்த்துக் கையைத் தூக்கி, தலைக்கு மேலே ஒரு சாண் காட்டினார். ஞாபகம் இருக்கிறது என்று சொல்கிற மாதிரி. அவள் தலையாட்டினாள்.

புழுதி அடங்கியதும் கோபால்சாமி தொண்டையைச் செருமினார். "அப்போ, மங்கம்மா... அது காசி இல்லைன்னு நீயே உன் வாயால..."

"அது காசி இல்ல" என்றாள். "அது ஆகாசத்துல இருந்துச்சு. நானே கை காட்டினேன். அதை நான் மாத்திப் பேசமாட்டேன்."

"அப்போ நாளைக்கு அடக்கம்."

"அந்த வெளிச்சம் காசி இல்ல. சரி. காசி எங்கன்னு அதுக்கு இன்னா தெரியும்?"

கோபால்சாமி ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் விடவில்லை.

"அவ்ளோ படிச்சவங்க, தெரியலைன்னு சொல்லிட்டு ஜீப்புல ஏறிப் போறாங்க. நீங்களும் கும்பிடு போட்டு அனுப்பினீங்க. நான் தெரியலைன்னு சொன்னா மட்டும் தாள்ல ஆளைக் கட்டுவீங்களா? நானும் பைலை மூடலை, கவுண்டரே. அதுக்காக எம்பொண்ணு கல்யாணம் நிக்க வேணாம். பரியத்தை நான் வாங்குறேன்."

"பொம்பளை கையிலா?"

"காசி துண்டுல. கை என்னுது."

கோபால்சாமி ஜீப் போன பாதையைப் பார்த்தார். பட்டாளத்தார் சொல்கிறதுதான் முடிவு என்று ஊர் முன்னால் வாக்குக் கொடுத்தவர் அவர். அவர்கள் சொல்லிவிட்டுப்போனது தெரியலை என்கிற ஒன்றுதான். மனுஷர் வெகுநேரம் தாடையைச் சொறிந்தார்.

"சின்னராசு ஒத்துக்கணுமே" என்றார் கடைசியில்.

சின்னராசு ஒத்துக்கொண்டார். ஒத்துக்கொள்ளாவிட்டால் கம்பெனி வாசலிலேயே மாலை மாற்றிக்கொள்வதாக அவர் மகன் போனில் சொல்லியிருந்தான் என்பது ஊருக்கு அப்புறம்தான் தெரிந்தது.

ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பரியம் போட்டார்கள். மங்கம்மாள் பையிலிருந்து அந்தப் பச்சைத் துண்டை எடுத்தாள். மடிப்பு மடிப்பாகக் கோடு விழுந்திருந்தது. இத்தனை வருஷத்தில் அதை அவள் துவைத்ததே இல்லை. இரண்டு கையிலும் விரித்து நீட்டினாள். சின்னராசு தட்டைத் தூக்கிக்கொண்டு நின்றார். கை முன்னால் வரவில்லை.

"இன்னாய்யா பாக்குற?" என்றார் கோபால்சாமி. "காசி வர்ற வரைக்கும் அவ கையிலதான். குடுயா."

தட்டு துண்டில் இறங்கியது. நதியா அழுதாள். மங்கம்மாள் அழவில்லை. "கனமாத்தான் வச்சிருக்கீங்க, சம்பந்தி. எங்காளு வந்து பாத்தா, வெல்லம் கம்மின்னுதான் சொல்வாரு" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். சின்னராசுவும்.

எல்லாரும் போன பிறகு பொழுது சாய்ந்தது. நதியா அடுப்பைப் பற்ற வைத்தாள். மங்கம்மாள் வாசலில் நின்று கணவாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பள்ளம் காலியாக இருந்தது. அதற்கு மேலே வானமும்.

"அம்மா, களிக்கு எவ்ளோ தண்ணி வைக்கிறது? நம்ம ரெண்டு பேருதானே?"

மங்கம்மாள் துண்டை உதறினாள். மறுபடி அதே மடிப்பில் மடித்தாள்.

"மூணு பேருக்கு வை" என்றாள். "மீந்தா காலையில கூழு கரைச்சுக்கலாம்."